கடைசல் பட்டறையில் பிறந்த சொல்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

'இருபது நிமிஷம், அதுக்கு மேல போனா மைக்கை ஆஃப் பண்ணிடுவேன்' என்று நம் செயலாளர் அன்போடு எச்சரித்திருக்கிறார். தலைப்பை மட்டும் என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். நான் இலக்கியம் படித்தவன் அல்லன். இதே கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் இயந்திரங்களோடு குடும்பம் நடத்தியவன். அதில் பாதிக் காலம் பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இன்று ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். சொல் சின்னது: 'டர்ன்'.

'இதில் என்னய்யா இருக்கு? டர்ன் என்றால் திரும்பு. லெஃப்ட் டர்ன், ரைட் டர்ன், யூ டர்ன். முடிஞ்சு போச்சு' என்று நினைப்பீர்கள். நூலகத்துக்குப் போய்ப் பெரிய ஆங்கில அகராதி ஒன்றை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள். திரும்புதல், திருப்புதல், சுழலுதல், புரட்டுதல், மாறுதல், பால் கெட்டுப் போதல், ஒருவருக்கு உரிய முறை, செய்த உதவி, நோயில் வரும் திடீர் மாற்றம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் சின்னச் சொற்கள்தான் பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் எல்லாவற்றையும்விட நீளமான பதிவு 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குத்தான். நம் 'டர்ன்' அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

பயிற்சிக் கூடத்துக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்தவர்கள். கையில் வேலையைக் கொடுத்தால் தங்கமாகச் செய்வார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் வியர்த்துவிடும். அந்தப் பயத்தைப் போக்க அவர்கள் வாங்குவது என்ன தெரியுமா? பஸ் ஸ்டாண்டில் விற்கும் ஒருபொருட்பன்மொழிப் பட்டியல். 'டர்ன்' என்று போட்டு, அதற்கு எதிரே ரொட்டேட், ரிவால்வ், ஸ்பின், ட்விஸ்ட், ரோல், வேர்ல் என்று வரிசையாக அடுக்கியிருக்கும். ராத்திரி பூராவும் மனப்பாடம்!

ஒரு பையன். பெயர் வேண்டாம். லேத்தில் அவனுக்கு இணை அந்த ஆண்டு யாருமில்லை. ஒரு தொழிற்சாலை நேர்முகத் தேர்வில் 'ரொட்டேட்டுக்கும் ரிவால்வுக்கும் என்ன வித்தியாசம்?' என்று கேட்டிருக்கிறார்கள். பட்டியலை நம்பியவன், 'இரண்டும் ஒன்றுதான்' என்று பதில் சொல்லிவிட்டான். வேலை கிடைக்கவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, 'சார், புத்தகத்துல ஒரே அர்த்தம்னுதானே போட்டிருக்கு?' என்றான். 'பூமி என்னென்ன செய்யுது, தமிழ்ல சொல்லு' என்றேன். 'தன்னைத்தானே சுத்துது, சூரியனையும் சுத்துது' என்று ஒரு வாஷரையும் சாக்பீஸையும் வைத்து அழகாக விளக்கிக் காட்டினான். அவனுக்கு விஷயம் தெரியும். எந்தச் சொல் எந்த விஷயத்துக்கு உரியது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, பட்டியலை ஓரமாக வையுங்கள். இந்தச் சொல் எங்கே பிறந்தது என்று பார்ப்போம்.

'டர்ன்' பிறந்தது கடைசல் பட்டறையில்! கிரேக்கத்தில் 'டோர்னோஸ்' என்றால் கடைசல் கருவி. வட்டம் வரையும் தச்சுக் கருவிக்கும் அதே பெயர். அது லத்தீனுக்குப் போய் 'டோர்னுஸ்' ஆயிற்று. அதிலிருந்து 'டோர்னாரே', அதாவது லேத்தில் கடைதல். நேரடியாகவும், பிரெஞ்சு வழியாகவும் அது ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படித்துவிட்டு லேத்தில் நிற்கிறானே டர்னர், அவன்தான் இந்தச் சொல்லின் மூல அர்த்தத்தை இன்றும் மாறாமல் காப்பாற்றி வருகிறவன்! மற்றவர்கள் எல்லோரும் அவனிடமிருந்து கடன் வாங்கியவர்கள்.

தமிழிலும் இப்படி ஓர் அதிசயம் உண்டு. மோரைக் கடைகிறோம்; மரத்தையும் இரும்பையும் கடைகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் இரண்டு பொருளும் அங்கே இருக்கும். மத்து சுழல்கிறது, வெண்ணெய் திரள்கிறது. மரம் சுழல்கிறது, உருவம் பிறக்கிறது. அழகாக அமைந்த வாக்கியத்தை வெள்ளைக்காரன் 'வெல் டர்ன்ட்' என்பான். நாமும் சிலையைப் பார்த்தால் 'கடைந்தெடுத்தாற்போல' என்கிறோம். (நாம் 'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்றும் சொல்வதுண்டு. அது வேறு கணக்கு!)

இந்தச் சொல்லின் உறவுக்காரர்கள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவர்கள் போகும் 'டூர்' இதே வேர்தான்: ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது. விளையாட்டு மைதானத்தில் நடக்கும் 'டோர்னமென்ட்', நிலவரைபடத்தில் வரும் 'கான்டூர்', எல்லாம் இதே குடும்பம். வக்கீல் நண்பர்களே, 'பவர் ஆஃப் அட்டர்னி' எழுதுகிறீர்களே, அந்த 'அட்டர்னி'யும் இதுதான். பழைய பிரெஞ்சில் 'அடோர்னேர்' என்றால் ஒரு பொறுப்பை ஒருவர் பக்கம் திருப்பிவிடுதல். நம் காரியத்தை யார் பக்கம் திருப்பிவிட்டோமோ அவர்தான் அட்டர்னி. பவர் பத்திரம் என்றால் என்ன என்று இதைவிட எளிதாக விளக்க முடியுமா?

சரி, ஒருபொருட்பன்மொழிக்கு வருவோம். பட்டியலில் அடுக்கியிருக்கும் அத்தனையும் ஒரே அர்த்தம் என்பது பொய். ஒவ்வொரு சொல்லும் ஒரு விதமான அசைவைச் சொல்கிறது. எந்தச் சொல்லைப் போடுவது என்று சந்தேகம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எது திரும்புகிறது? எதைச் சுற்றித் திரும்புகிறது? எவ்வளவு தூரம் திரும்புகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சொல் தானாக வந்து நிற்கும்.

திருவாரூர்த் தேரை மனதில் கொண்டு வாருங்கள். சக்கரம் தரையில் உருளுகிறது, அது 'ரோல்'. அந்தச் சக்கரம் தன் அச்சில் சுழல்கிறது, அது 'ரொட்டேட்'. முட்டுக்கட்டை போட்டு, வடத்தைப் பிடித்து, வீதி முனையில் தேரை வேறு திசைக்குத் திருப்புகிறார்கள், அது 'டர்ன்'. நான்கு வீதியும் வலம் வருகிறது. அது 'கோ ரவுண்ட்'. கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிலைக்கு நிற்கிறது, அது 'ரிடர்ன்'. தேர் ஒன்று, சொல் ஐந்து. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட முடியாது. தேர் 'ரொட்டேட்' ஆனது என்று சொல்லிப் பாருங்கள், பம்பரம் மாதிரி நின்ற இடத்தில் சுற்றுவதாக அர்த்தம் வந்துவிடும்!

'ரொட்டேட்' என்பதன் வேர் லத்தீன் 'ரோட்டா', சக்கரம். வடமொழியின் 'ரத'மும் அதுவும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்று மொழி நூலார் சொல்கிறார்கள். அதே போல வடமொழிச் 'சக்கரம்', கிரேக்கத்திலிருந்து வந்த 'சைக்கிள்', ஆங்கில 'வீல்', மூன்றும் உடன்பிறந்தவை. சைக்கிள் சக்கரம் என்று நாம் சொல்லும்போது அண்ணன் தம்பியைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறோம். ரோட்டரி நண்பர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1905இல் சிகாகோவில் உங்கள் சங்கம் தொடங்கியபோது, ஒவ்வொரு உறுப்பினர் அலுவலகத்திலும் முறை வைத்துக் கூட்டம் சுற்றி வந்ததால்தான் அந்தப் பெயர்.

'ரிவால்வ்' என்பது ஒன்று இன்னொன்றைச் சுற்றி வருவது. பூமி தன் அச்சில் 'ரொட்டேட்', சூரியனைச் சுற்றி 'ரிவால்வ்'. சந்திரன் விஷயம் இன்னும் சுவாரசியம். பூமியை ஒரு தடவை சுற்றி வர அதற்கு ஏறக்குறைய 27.3 நாள். தன்னைத்தானே ஒரு தடவை சுற்றிக்கொள்ளவும் அதே 27.3 நாள்தான். அதனால்தான் நிலாவின் ஒரு முகம் மட்டும் நமக்கு எப்போதும் தெரிகிறது. இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக்கிவிட்டால் நிலாவின் மறுபக்கம் ஏன் தெரியவில்லை என்பதை ஆங்கிலத்தில் விளக்கவே முடியாது.

ஆனால் ஒன்று. மொழி என்பது சட்டப் புத்தகம் அல்ல. ஆபீஸில் சுழலும் நாற்காலியை 'ரிவால்விங் சேர்' என்கிறார்கள். மோட்டார் தன் அச்சில்தான் சுழல்கிறது, ஆனால் அதன் வேகத்தை ஆர்.பி.எம்., அதாவது நிமிஷத்துக்கு எத்தனை 'ரெவல்யூஷன்' என்றுதான் எண்ணுகிறோம். 1836இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய துப்பாக்கியின் குண்டு அறை தன் அச்சில் சுழலும். அந்த வகைத் துப்பாக்கிக்குப் பெயர் 'ரிவால்வர்'. வானவியலில் விதி கறார். கடைத்தெருவில் கொஞ்சம் தளர்வு. எங்கே கறார், எங்கே தளர்வு என்று தெரிந்துகொள்வதும் படிப்புதான்.

'ஸ்பின்' என்றால் முதலில் பஞ்சை இழுத்து முறுக்கி நூல் நூற்பது. ஸ்பின்னிங் மில் என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. பிறகுதான் வேகமாகச் சுழலும் எதற்கும் அது வந்தது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஸ்பின்னுக்கும் டர்னுக்கும் உள்ள வித்தியாசம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பின் என்பது பந்து வீசுகிறவர் விரலாலும் மணிக்கட்டாலும் கொடுப்பது. டர்ன் என்பது தரையில் பட்டபின் பந்து திசை மாறுவது. 1993இல் மான்செஸ்டரில் ஷேன் வார்ன் மைக் கேட்டிங்குக்குப் போட்ட பந்து நினைவிருக்கிறதா? லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. ஸ்பின் கொடுத்தவர் வார்ன், டர்ன் ஆனது பந்து, திகைத்து நின்றவர் கேட்டிங்!

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ட்விஸ்ட்' என்பது முறுக்குதல். ஒரு முனை ஒரு பக்கமும் மறு முனை இன்னொரு பக்கமுமாகத் திருகுவது. கயிறு, ஈரத்துணி, நம் வீட்டு முறுக்கு. 'வேர்ல்' என்பது ஆற்றுச் சுழல் போல, சூறைக்காற்று போலக் கட்டுக்கடங்காமல் சுழல்வது. 'ஸ்வெர்வ்' என்பது மாடு குறுக்கே வந்தவுடன் லாரி சட்டென்று ஒடித்து ஒதுங்குவது. 'பிவட்' என்பது ஒரு புள்ளியில் ஊன்றி நின்று திரும்புவது. தராசுக் கோலைப் பாருங்கள்.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டா? இல்லை. எல்லோரிடமும் அழைப்பிதழ் இருக்கிறதா? பேட்ஜில் குத்தியிருக்கும் குண்டூசியை எடுத்து அழைப்பிதழின் வலது மேல் மூலையில் ஒரு ஓட்டை போடுங்கள். தூக்காமல், மடி மேல் வைத்தபடியே அரை வட்டம் சுற்றுங்கள். ஓட்டை எங்கே? இடது கீழ் மூலையில். அது 'ரொட்டேட்'. பழையபடி வையுங்கள். இப்போது புத்தகப் பக்கத்தைத் தள்ளுவது போல வலமிருந்து இடமாகப் புரட்டிப் போடுங்கள். ஓட்டை எங்கே? இடது மேல் மூலையில். அது 'டர்ன் ஓவர்'. காகிதத்தில் ஒன்றும் குடி முழுகாது. அதுவே இரும்புத் தகடாக இருந்தால்? ஒரு சொல் மாறினால் துளை தப்பான மூலையில் விழும். தகடு குப்பைக்குப் போகும். தமிழில் இந்தக் குழப்பம் நமக்கு வருமா? 'தோசையைத் திருப்பிப் போடு' என்றால் யாராவது கல்லில் வைத்து அதைச் சுழற்றிக்கொண்டிருப்பார்களா? தமிழில் இருக்கும் அந்தத் தெளிவை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து, 'டர்ன்' என்பதன் பின்னால் ஒட்டிக்கொண்டு பயமுறுத்தும் சின்னச் சொற்கள். டர்ன் ஆன், டர்ன் ஆஃப், டர்ன் அப், டர்ன் டவுன். குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். திருகினால் தண்ணீர் வரும், மறுபடி திருகினால் நிற்கும். மின்சார சுவிட்சில் திருகுவதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் பழைய சொல்லே நிலைத்துவிட்டது. அரிக்கேன் விளக்கின் திருகைத் திருகினால் திரி மேலே ஏறி வெளிச்சம் கூடும், எதிர்ப்பக்கம் திருகினால் குறையும். இதை மனதில் வைத்துக்கொண்டால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தானே விளங்கும். எல்லாவற்றுக்கும் இப்படி விளக்கம் கிடைக்காது. 'டர்ன் அப்' என்றால் வந்து சேர்தல், 'டர்ன் டவுன்' என்றால் மறுத்தல், 'டர்ன் இன்' என்றால் ஒப்படைத்தல் அல்லது படுக்கப் போதல். இவற்றை வாக்கியத்தில் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். கட்சி மாறுகிறவரை 'டர்ன்கோட்' என்பார்கள்: சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்பவர். 1985இல் நாடாளுமன்றம் 52ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைக் கொண்டு வந்தது இவர்களுக்காகத்தான்!

'பால் டர்ன் ஆயிற்று' என்று ஆங்கிலத்தில் சொன்னால் சிரிக்காதீர்கள். நாம் என்ன சொல்கிறோம்? 'பால் திரிஞ்சு போச்சு.' தமிழில் 'திரி' என்றால் சுழல், அலை, முறுக்கு, மாறு, கெடு. முறுக்கியதால் விளக்குக்குத் திரி. சுழல்வதால் மாவரைக்கும் திரிகை. மாறுவதால் இலக்கணத்தில் திரிபு. 1961இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி திரி, திருகு, திரும்பு எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகத்தான் வைக்கிறது. திருகாணியைத் திருப்பும் உளி, திருப்புளி! இதைக் கேட்டவுடன், 'திரியும் டர்னும் ஒரே சொல்தான், தமிழிலிருந்துதான் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒலி ஒற்றுமை வேர் ஒற்றுமை ஆகாது. உறவு இல்லாத இரண்டு மொழிகள் ஒரே அசைவைப் பார்த்து, ஒரே மாதிரி எண்ணங்களைப் பெற்றிருக்கின்றன. எனக்கு அதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

இன்னோர் உதாரணம். 1543இல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'ரெவல்யூஷன்' இருக்கிறது. விண்கோளங்களின் சுற்றுகளைப் பற்றிய நூல் அது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது என்ற பொருளில் இருந்த சொல், பின்னால் ஆட்சியையே தலைகீழாக்குவதற்குப் பெயராயிற்று. 1789 பிரெஞ்சுப் புரட்சியை நினையுங்கள். நம் 'புரட்சி' எங்கிருந்து வந்தது? புரள், புரட்டு என்பதிலிருந்து. அங்கேயும் உருளல், இங்கேயும் புரளல்!

லத்தீனில் திரும்புதலுக்கு 'வெர்டெரே' என்று இன்னொரு சொல் உண்டு. டாக்டர்கள் சொல்லும் தலைச்சுற்றல், 'வெர்டிகோ', அதிலிருந்து வந்தது. கவிதையின் அடிக்கு 'வெர்ஸ்' என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான். ஏர் கடைசிவரை போய்த் திரும்பி அடுத்த சால் ஓட்டுவது போல, அடியும் போய்த் திரும்புகிறது. ஆண்டு விழாவுக்கு 'ஆனிவர்சரி': ஆண்டு திரும்பி வருவது. 'யூனிவர்சிட்டி'யின் வேரும் அங்கேதான்: பல பேர் ஒன்றாகத் திருப்பப்பட்ட முழுமை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் உதவிக்கு 'குட் டர்ன்' என்று பெயர். சங்கம் வருஷா வருஷம் பரிசுக் கோப்பை கொடுக்கிறது, நல்ல விஷயம். அதோடு, உள்ளூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் இங்கே வாருங்கள். வக்கீல் 'அட்டர்னி'யைச் சொல்லட்டும், டாக்டர் 'வெர்டிகோ'வைச் சொல்லட்டும், கணக்காளர் 'டர்ன்ஓவர்' என்றால் லாபம் அல்ல, மொத்த விற்பனை என்று சொல்லட்டும். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் விளக்கி, ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள். பட்டியல் வேண்டாம்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. கூச்சப்படாமல் கேளுங்கள். ஆங்கிலம் வராதவன் அறிவில்லாதவன் அல்லன். அந்த வாஷரும் சாக்பீஸும் வைத்து விளக்கிய பையன் அடுத்த முறை வேறொரு நிறுவனத்தில் தேர்வாகி, இன்று தன்னிடம் வரும் பயிற்சியாளர்களுக்கு அதே விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனைப் போல இந்தப் பின் வரிசையில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ, உங்களுக்கு ஒரு சனிக்கிழமையை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னோடு வர விரும்பும் நண்பர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.